ஒரே பெட்டி, ரெண்டு டிவி

கேபிள் இருக்குங்க. வீட்டைப் பாக்கறதுக்கு முன்னாடி கேபிளைக் கேட்டீங்க பாருங்க, உங்களை எனக்குப் பிடிச்சுப்போச்சு. போன வாரம் ஒருத்தர் வந்தார், வந்ததும் வாஸ்து கேட்டார். தென்கிழக்குல சமையலறை இருக்கான்னார். இருக்கு, கூடவே ஒரு சாரைப்பாம்பும் இருக்குன்னேன். அதோட போயிட்டார். பாம்பு வீட்டுக்குள்ள இல்லைங்க, பின்னாடி வாய்க்கா ஓரம். எங்க இருக்குன்னு அவர் கேக்கல, நானும் சொல்லல.

உள்ள வாங்க. செருப்பை வாசல்ல விடாதீங்க, இந்தத் தெரு நாய்க்குச் செருப்புன்னா உசுரு. இதுதான் கூடம். அந்த மூலையில மழை பெஞ்சா கொஞ்சம் தண்ணி இறங்கும். குறை சொல்றேன்னு நினைக்காதீங்க, குடிவர்றவங்களுக்கு உள்ளதைச் சொல்லணுமில்ல. போஸ்டாபீஸுக்கு மாத்தலாகி வந்திருக்கீங்கன்னு சொன்னாங்க. நல்லது. காலையில போனா சாயங்காலம் வருவீங்க. குரங்கு வர்றது மத்தியானம்தான், அதனால உங்களுக்குத் தொந்தரவு இல்ல.

கேபிளைக் கேட்டீங்களே. இதோ டிவி, அது பக்கத்துல சின்னப் பெட்டி. பெட்டியில இருந்து ஒரு ஒயர் ஜன்னல் வழியா வெளிய போகுது பாருங்க, அது எங்க வீட்டுக்குப் போகுது. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் நாங்க. ஒரே பெட்டி, ரெண்டு டிவி. இங்க எந்தச் சேனல் ஓடுதோ அதேதான் அங்கயும் ஓடும். இது என் ஓரகத்தி வீடு. என் வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம், தனபாக்கியம்னு பேரு. எனக்கு இருபது வயசு மூத்தவங்க. மூத்தார் உசுரோட இருந்தப்ப, எதுக்கு ரெண்டு கனெக்ஷன்னு சொல்லி அவரே ஏணி போட்டு இந்த ஒயரை இழுத்தார். அவர் போயி ஆறு வருஷம் ஆச்சு, ஒயர் இருக்கு. ரிமோட் அக்கா கையில.

அதனால நான் சீரியல் பாக்கறவள்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நான் பாக்கறதில்ல. அவங்க வைக்கறாங்க, என் வீட்டுல ஓடுது. வெங்காயம் நறுக்கிட்டே இருக்கேன், எதிர்ல ஓடுது. கண்ணை மூடிக்கிட்டு நறுக்கினா விரலு போயிடும். அவ்வளவுதான் எனக்கும் சீரியலுக்கும் உள்ள சம்பந்தம்.

பாக்காமலே சொல்றேன், சுத்தப் பைத்தியக்காரத்தனம். ஏழு மணி சீரியல்ல ஒரு பொம்பள, காலையில எந்திரிக்கும்போதே பட்டுச்சேலை. கழுத்துல ஆரம், இடுப்புல ஒட்டியாணம். அதோட எப்படித் தூங்கினாளோன்னு யாரும் கேக்கறதில்ல. அவ மாடிப்படி இறங்கறதுக்கு ஒரு நாள் எபிசோடு. ஒவ்வொரு படிக்கும் வீட்டுல இருக்கற எல்லார் மூஞ்சியையும் காட்டறான். டிரைவர் மூஞ்சியக்கூடக் காட்டறான், அந்தாளு என்ன பண்ணினான் பாவம். இத்தனை பெரிய வீட்டுல ஒருநாள் கேஸ் தீந்துபோறதில்ல. புள்ளைக இருக்கும், ஹோம்வொர்க் இருக்காது. அழுதாங்கன்னா கண்ணுல மட்டும் தண்ணி வரும். எனக்கு அழுதா மூக்குதான் முதல்ல ஒழுகும். உங்களுக்கு எப்படியோ.

ஏழரை மணி சீரியல் அதைவிட மோசம். அதுல ஒரே வீட்டுல ரெண்டு மருமகளுக. மூத்தவ மாடியில, சின்னவ கீழ. பேச்சுவார்த்தை கிடையாது. என்ன காரணம்னு கேளுங்க. சின்னவ கல்யாண நாளுக்குக் கேக் வெட்டினா, மூத்தவளுக்கு ஒரு துண்டு குடுக்க மறந்துட்டா. ஒரு துண்டு கேக்குக்கு நூத்தியெம்பது எபிசோடு. ஏம்மா, கையில போன் வச்சிருக்கீங்க, விளம்பரத்துல வர்ற விலை ஒசந்த போனு. எடுத்து, 'அக்கா, மறந்துட்டேன், மனசுல வச்சுக்காதீங்க'ன்னு சொன்னா விஷயம் முடிஞ்சுது. சொல்லமாட்டா. அவ முதல்ல சொல்லட்டும்னு இவ உக்காந்திருப்பா, இவ சொல்லட்டும்னு அவ உக்காந்திருப்பா. நான் என் வீட்டுக்காரர்கிட்டச் சொல்வேன், இந்த மாதிரி முட்டாளுங்க நெசத்துல எங்கங்க இருக்காங்கன்னு. அவர் சாப்பிட்டுட்டே சுவத்தைப் பாப்பார். அவருக்கு ரசனை கம்மி.

இது சமையலறை. மேடை கொஞ்சம் ஒசரம். நீங்க என் அளவு இருக்கீங்க, உங்களுக்குத் தோள் வலிக்கும். அக்கா நல்ல ஒசரம்.

ஏன் காலி பண்ணினாங்கன்னா கேக்கறீங்க? காலி பண்ணலைங்க. பொண்ணு வீட்டுக்கு ஓசூர் போயிருக்காங்க. அதைச் சொல்லணும்னா எங்களுக்குள்ள நடந்ததைச் சொல்லணும். ஒண்ணுமில்லாத விஷயம்.

போன ஆவணியில என் பொண்ணுக்குக் காதுகுத்து வச்சோம். பத்திரிகை அடிச்சு ஊரெல்லாம் குடுத்தோம். நானும் வீட்டுக்காரரும் தட்டுல வெத்தலைபாக்கு வச்சு வீடு வீடா ஏறி இறங்கினோம். துறையூர்ல இருந்து முசிறி வரைக்கும் அலைஞ்சோம். இங்க மட்டும் புள்ளைகிட்டப் பத்திரிகையைக் குடுத்து, 'பெரியம்மாகிட்டக் குடுத்துட்டு வாடி'ன்னு அனுப்பினேன். ஒரே சுவரு. ஒரே கொடியில துணி காயப்போடறோம். இவங்களுக்குப் போய் வெத்தலைபாக்கு வச்சு, குங்குமம் குடுத்து, 'அவசியம் வரணும்'னு சொன்னா சிரிப்பு வராதா. சொந்த வீட்டுக்காரங்களுக்கு அழைப்பு எதுக்கு.

குங்குமம்னு சொன்னேன். அதுதான் வம்பாயிடுச்சு. புருஷன் இல்லாதவங்க, அதனாலதான் நான் தட்டோட வரலன்னு எவளோ ஊதிவிட்டுட்டா. அப்படி ஒரு நினைப்பே எனக்குக் கிடையாதுங்க, சத்தியமா. எனக்கு நேரமில்ல, அவ்வளவுதான். அன்னிக்கு அக்கா வந்தாங்க. மண்டபத்துல பின்வரிசையில, ஃபேன் இல்லாத பக்கம் உக்காந்தாங்க. காது குத்தறப்ப புள்ளைக்குத் தட்டு எடுத்துக்குடுக்க என் நாத்தனாரைக் கூப்பிட்டேன். அதுவும் நானாக் கூப்பிடல, எங்கம்மா சொன்னாங்க. நல்ல காரியத்துல அப்படித்தான் பண்ணணும்னாங்க. சரின்னேன். அந்த நேரத்துல யாருக்கு யோசிக்க நேரம். அக்கா மொய் எழுதிட்டு, சாப்பிடாமப் போயிட்டாங்க. மறுநாள்லேர்ந்து பேச்சில்ல.

நான் ஒருநாள் கொடியில துணி எடுக்கறப்ப, காதுல விழற மாதிரி, 'சிலருக்கு ரோஷம் மூக்கு மேல இருக்கு'ன்னேன். அவங்க என் புள்ளையக் கூப்பிட்டு, 'உங்கம்மாகிட்டச் சொல்லு, கிளிப்பு என்னோடதுன்னு' அப்படின்னாங்க. இந்த மாதிரிதான் போச்சு அஞ்சு மாசம்.

ஆனா டிவி ஓடிச்சு. கோவத்துல ஒயரைப் பிடுங்கிடுவாங்கன்னு எதிர்பாத்தேன், பிடுங்கல. அதுக்குப் பதிலா என்ன பண்ணுவாங்க தெரியுமா, முக்கியமான கட்டத்துல சேனலை மாத்துவாங்க. என்னை வெறுப்பேத்தறதுக்கு. பொங்கலன்னிக்குப் பண்ணினதை நான் மறக்கவே மாட்டேன்.

பொங்கலுக்கு ஒரு படம் போட்டான். பண்டிகைப் படம் இருக்கே, நீங்களும் பாத்திருப்பீங்க, எல்லாப் பண்டிகைக்கும் ஒரே படம்தான், சட்டைதான் வேற வேற. பெரிய குடும்பம், நாப்பது பேரு ஒரே வீட்டுல. நாப்பது பேருக்கு எத்தனை கக்கூஸ்னு ஒரு இடத்துலயும் காட்டல. பட்டணத்துல இருந்து பேரன் கார்ல வர்றான், மாட்டைப் பாக்கறான், உடனே வேலையை விட்டுடறான். மாட்டுக்குத் தண்ணி காட்டினவனா இருந்தா மறுநாளே வேலைக்குத் திரும்பியிருப்பான். அறுப்பு அறுக்கறாங்க, வேட்டி மடிப்பு கலையல. பானை பொங்கறப்பதான் பதினஞ்சு வருஷம் பேசாத அண்ணன் தம்பி கட்டிப்பிடிக்கறாங்க. பாத்திரத்தை யாரு கழுவினதுன்னு கடைசி வரைக்கும் தெரியல. ஆனாலும் பாத்தேன். பண்டிகையும் அதுவுமா வேற என்ன பண்றது, வீட்டுக்காரர் அவர் கூட்டாளிங்களோட சீட்டாடப் போயிட்டார்.

அதுல கடைசிப் பக்கம் ஒரு கட்டம். அந்தக் குடும்பத்துல புருஷன் இல்லாத ஒரு அத்தை. ஓரமா, தூணுக்குப் பின்னாடி நிக்குது. பேரன் போய்க் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, 'அத்தைதான் முதல் விளக்கு ஏத்தணும்'ங்கறான். ஊரே அழுவுது. எல்லாரும் கைதட்டறாங்க. படத்துல இதெல்லாம் ரெண்டு நிமிஷ வேலை. நானே கொஞ்சம் கலங்கிட்டேன், சும்மா சொல்லக்கூடாது. அத்தை தீப்பெட்டியைக் கையில எடுக்குது, டக்குனு சேனல் மாறிடுச்சு. அக்கா மாத்திட்டாங்க. நல்லா அழற நேரத்துல. எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க. நாலு மணி நேரம் விளம்பரத்தோட சேத்துப் பாத்துட்டு, அந்த இடத்துல போய் மாத்துவாங்களா ஒருத்தங்க.

மாத்தினது எங்க தெரியுமா. மூட்டுவலித் தைலம் விக்கற சேனல். வெள்ளைக்கோட்டு போட்ட ஒருத்தன், ஒரு கிழவர் முட்டியில தடவறான், கிழவர் எந்திரிச்சு ஓடறார். திரும்ப முதல்லேர்ந்து தடவறான். சரி, இப்ப மாத்துவாங்க, இப்ப மாத்துவாங்கன்னு உக்காந்திருக்கேன். மூணு மணியாச்சு, நாலாச்சு. அஞ்சு மணிக்கு எனக்குக் கோவம் வந்துடுச்சு. வேணும்னே வச்சிருக்காங்க, என் பொங்கலைக் கெடுக்கறாங்கன்னு. போகக்கூடாதுன்னு வைராக்கியமா உக்காந்தேன். ஏழு மணிக்குச் சிறப்பு எபிசோடு, அந்தப் பட்டுச்சேலைக்காரிக்கு விஷம் வச்ச பாயசம் வருது அன்னிக்கு. போச்சு. ஏழரையும் போச்சு. அதுக்கு மேல பொறுக்க முடியல. ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்னு முந்தானையைச் சொருகிட்டு வந்தேன்.

இந்த இடத்துல பாத்து வைங்க காலை. இந்தப் படி இருக்கே, சமையலறைக்கும் பின்கட்டுக்கும் நடுவுல. இங்கதான் கிடந்தாங்க. சேனலை மாத்திட்டு எந்திரிச்சு வந்திருக்காங்க, கால் மடங்கி விழுந்திருக்காங்க. இடுப்பு எலும்பு. கூப்பிட்டிருக்காங்க, யாருக்குக் கேக்கும். கோயில் மைக்குல உறியடி நடக்குது, பாட்டு காதைக் கிழிக்குது. மத்தியானத்துல இருந்து அப்படியே.

அஞ்சு மணிக்கே நான் கோவத்தோட வந்திருந்தா. விடுங்க. அதையெல்லாம் கணக்குப் பாத்து என்ன ஆகப்போகுது.

சீரியலா இருந்தா அந்த இடத்துல என்ன நடக்கும்? நான் 'அக்கா'ன்னு ஓடணும், மூணு தடவை என் மூஞ்சியைக் காட்டணும், அவங்க கண்ணீரோட கையை நீட்டணும், பின்னாடி வயலின். இங்க என்ன நடந்துச்சுன்னா, அக்கா தலையைத் தூக்கி என்னைப் பாத்துட்டு, 'அஞ்சு மணி நேரமா அவன் மூட்டுவலியப் பத்தியே பேசறான், முதல்ல போய் அதை மாத்து'ன்னாங்க. நான் போய் மாத்திட்டு வந்து நூத்தியெட்டுக்குப் போன் பண்ணினேன். நாங்க பேசினது அவ்வளவுதான். ஆம்புலன்ஸ்ல என் கையைப் பிடிச்சிருந்தாங்க. வலியில எந்தக் கை கிடைச்சாலும் பிடிப்பாங்க, அதுக்கெல்லாம் அர்த்தம் பாக்கக்கூடாது. நடுவுல ஒரு தடவை, 'புள்ளைக்கு ராத்திரிக்கு என்ன வச்சிருக்கே'ன்னாங்க. 'பொங்கல் மிச்சம் இருக்கு'ன்னேன். 'ராத்திரியில குளிர்ச்சி, குடுக்காதே'ன்னாங்க. அந்த நிலைமையிலயும் அதிகாரம்.

ஆப்பரேஷன் ஆச்சு. பொண்ணு தேன்மொழி வந்து ஓசூர் கூட்டிட்டுப் போயிட்டா. நல்ல புள்ளதான். இப்ப அக்கா கம்பு ஊனி நடக்கறாங்களாம். ரெண்டு வாரம் முன்னாடி தேன்மொழி போன் பண்ணி, 'சித்தி, வீட்டை வாடகைக்கு விட்டுடலாம், அம்மா இனிமே எங்கூடத்தான்'னா. அம்மா என்ன சொல்றாங்கன்னு கேட்டேன். 'அம்மாகிட்டக் கேட்டேன் சித்தி. அங்க எனக்கு யாரு காத்திருக்கான்னு கேக்கறாங்க'ன்னா. சரிம்மான்னு சொல்லிச் சாவியை வச்சுக்கிட்டேன். வாசல்ல 'வீடு வாடகைக்கு'ன்னு அட்டையும் நானேதான் மாட்டினேன். எனக்கென்ன. அவங்க வீடு, அவங்க இஷ்டம்.

உங்களுக்கு முன்னாடி மூணு பேரு வந்தாங்க. வாஸ்துக்காரரைச் சொன்னேன். இன்னொருத்தங்க கைப்புள்ளைக்காரி, பக்கத்துல கோழிப்பண்ணை இருக்கு, ஈ வரும்னேன். இருக்கு, ரெண்டு கிலோமீட்டர் தள்ளி. மூணாவது ஒரு வாத்தியார், அவரை எனக்கே பிடிக்கல, மூஞ்சியே சரியில்ல. யாருக்குமே அமையல, நான் என்ன பண்ண முடியும்.

இப்ப ரிமோட் என் கையிலதான். சாயங்காலம் வந்து பெட்டியைப் போட்டுட்டு, அங்க போய்ப் பாக்கறேன். எந்தச் சேனலையும் வைக்கலாம், கேக்க ஆளில்ல. ஆனா பாருங்க, போட்டா போட்டதுதான், மாறவே மாட்டேங்குது. விளம்பரம் வந்தா விளம்பரம்தான். முன்னெல்லாம் எந்த நேரத்துல மாத்துவாங்களோன்னு ஒரு பயம் இருக்கும், அந்தப் பயத்துலதான் கதையே நல்லாயிருந்துச்சு போல. பட்டுச்சேலைக்காரி இன்னும் படி இறங்கிட்டே இருக்கா. சலிப்பா இருக்கு.

நான் போன் பண்ணிப் பேசினேனா? நான் எதுக்குங்க பண்ணணும். மூத்தவங்க அவங்க. கோவிச்சுக்கிட்டது அவங்க. அவங்க முதல்ல பண்ணட்டும்.

ஏன் சிரிக்கறீங்க.

என்ன, பிடிச்சிருக்கா? மழைத்தண்ணி இறங்கும்னேனே. குரங்கு வரும்னேனே. மேடை ஒசரம்கூடப் பரவாயில்லையா. நீங்க ஒரு ஆளுங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல. யாருக்குப் போடறீங்க? அட்டையில இருக்கற நம்பருக்கா? அது தேன்மொழி நம்பர். இப்ப அவ வேலையில இருப்பா, எடுக்கமாட்டா. போனை வீட்டுல வச்சுட்டுப் போயிருந்தா அக்காதான் எடுப்பாங்க. வைங்க, அப்புறம் பேசிக்கலாம்.

என்கிட்ட ஏங்க குடுக்கறீங்க.

ஹலோ. ஆமா. நான்தான்க்கா, வாணி... இது அவங்க போன். போஸ்டாபீஸ் மேடம், வீடு பாக்க வந்திருக்காங்க... பாத்துட்டாங்க. பிடிச்சிருக்காம்... எல்லாம் சொன்னேன்கா, தண்ணி இறங்கறதுகூடச் சொன்னேன். அப்படியும் பிடிச்சிருக்காம்... நல்ல மாதிரியாத்தான் தெரியறாங்க. நிறையப் பேசமாட்டாங்க.

கால் எப்படியிருக்குக்கா... ம்... ம்.

என் இஷ்டமா? என் இஷ்டத்துக்கு எப்பக்கா எதை விட்டிருக்கீங்க... சரி. என் இஷ்டம்னா விடவேண்டாம்... ஏன்னா... ஏன்னு கேட்டா என்ன சொல்றது. அந்தப் பக்கம் சத்தமே இல்லக்கா. புள்ளையும் கேட்டுட்டே இருக்கா.

காதுகுத்துப் பத்திரிகையா? அது எதுக்குக்கா இப்ப... இல்லக்கா. நேரமில்லாமதான்... 

நினைச்சேன்கா.

ஆமா, நினைச்சேன். அம்மா சொன்னதுக்கு முன்னாடியே நினைச்சேன். தட்டைக் கையில எடுத்துட்டு உங்க வாசல் வரைக்கும் வந்தேன், குங்குமச்சிமிழைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டேன். அப்புறம்தான் புள்ளைகிட்டக் குடுத்தனுப்பினேன்... ஆமா. தப்புதான்... ஆமாக்கா... கேட்டுட்டுத்தான் இருக்கேன்... ஆமா... சரிக்கா.

வச்சுட்டாங்க.

இந்தாங்க உங்க போன். ஒரு நிமிஷம், ஸ்கிரீனைத் துடைச்சுத் தர்றேன், ஈரமாயிடுச்சு.

என்ன சொன்னாங்கன்னா கேக்கறீங்க. திட்டினாங்க. இத்தனை மாசத்துக்கும் சேத்துத் திட்டினாங்க, அப்புறம் போன்ல சரியாத் திட்டவரலையாம். மாப்பிள்ளையைக் கார் எடுக்கச் சொல்லி வெள்ளிக்கிழமை வர்றாங்களாம், நேர்ல வந்து மிச்சத்தைத் திட்டறதுக்கு. ஓசூர்ல இருந்து இங்க அஞ்சு மணி நேரம். கம்பு ஊனிக்கிட்டு. என்ன ரோஷம் பாருங்க அந்த உடம்புக்கு.

உங்களுக்கு வேற வீடு இருக்குங்க, பெருமாள் கோயில் தெருவுல, காரை வீடு, மழைக்கு ஒழுகாது, மேடையும் உங்க அளவு. நானே கூட்டிட்டுப் போய்க் காட்டறேன். போற வழியில அந்த அட்டையை மட்டும் கழட்டிட்டுப் போயிடலாம். எட்டல எனக்கு, நீங்க கொஞ்சம் ஸ்டூலைப் பிடிச்சுக்கங்க.